ஈஸ்டர் மகிழ்ச்சி ஒட்டாமல் தப்பிப்பது எப்படி?

தவக்காலம் 40 நாள். ஒருசந்தி, சுத்தபோசனம், சிலுவைப்பாதை என்று அதை ஒழுங்காகக் கடந்துவிட்டோம். சிக்கல் அதற்குப் பிறகுதான். உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி பெந்தகோஸ்து வரை 50 நாள் மகிழ்ந்திருங்கள் என்கிறது திருச்சபை. துக்கத்தைவிடப் பத்து நாள் கூடுதல்! குடும்பஸ்தர்களுக்குக் கட்டுப்படியாகுமா? இதோ சில எளிய வழிகள்.

1. ஞாயிறு மதியமே முடித்துவிடுங்கள். பிரியாணி, ஒரு தூக்கம், வாட்ஸ்அப் வாழ்த்துகளுக்கு ஒரு கைகூப்பு, ஈஸ்டர் தீர்ந்தது. அடுத்த வாரமும் கோயிலில் பாஸ்கா திரி எரிந்துகொண்டிருக்கும். அதில் நடப்பு ஆண்டின் எண்ணும், சிலுவை வடிவில் ஐந்து சாம்பிராணி மணிகளும் இருக்கும். கிட்டப் போய்ப் பார்க்காதீர்கள். இரண்டாயிரம் வருஷத்துப் பழைய கதை இந்த வருஷத்துச் செய்தியாகிவிடும்.

2. வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுக்காதீர்கள். பாஸ்கா எண்கிழமையின் வெள்ளி பெருவிழாவுக்குச் சமம். அன்று சுத்தபோசனம் கிடையாது. இருக்கட்டுமே. கத்தரிக்காய் சாம்பார் வைத்து, எதிர்வீட்டு ஆட்டுக்கறி வாசனைக்கு முகத்தைச் சுளியுங்கள்.

3. முழந்தாளிட்டே செபியுங்கள். கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் இந்த நாட்களில் நின்றபடி செபிக்கச் சொன்னார்கள். நிமிர்ந்து நின்றால் நாலு பேர் முகம் கண்ணில் படும். சிரித்துவைக்க வேண்டிவரும்.

4. பைபிளைச் சாப்பாட்டுக்கு முன் மூடிவிடுங்கள். எம்மாவுக்கு வாடிய முகத்தோடு நடந்த இருவரும் நமக்கு நல்ல முன்மாதிரிகள்தான். அப்பம் பிட்டதும் கெட்டுப்போனார்கள், அந்த இரவே எருசலேமுக்குத் திரும்பிவிட்டார்கள். பேதுருவும் அப்படித்தான். இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாத இடத்தோடு நிறுத்துங்கள். தொடர்ந்து படித்தால் 153 மீன், கரையில் கரிநெருப்பு, சுடச்சுடக் காலை உணவு என்று போகும். பசியாறிய பிறகுதான் ஆண்டவர் ஆடுகளை மேய்க்கச் சொல்கிறார். சந்தோஷமாகச் சாப்பிட்டவன் வேலைக்கு மறுப்புச் சொல்ல முடியாது. சீடத்துவத்தில் இது பெரிய ஆபத்து.

5. முதல் வாசகத்தின்போது செல்போனை நோண்டுங்கள். இந்தக் காலம் முழுக்கத் திருத்தூதர் பணிகள் நூல்தான் வாசிப்பார்கள். அடிவாங்கியவர்கள் மகிழ்ச்சியோடு வெளியே வருகிறார்கள். பவுலும் சீலாவும் கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நள்ளிரவில் பாடுகிறார்கள். கரண்டு போனாலே பொழுதெல்லாம் புலம்புகிற நமக்கு எதற்கு இந்த வம்பு?

6. அன்பியக் கூட்டத்தில் பாடகற்குழுவின் சுருதி, திருவிழாக் கணக்கு இரண்டைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

பலித்ததா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. பெந்தகோஸ்து அன்று சீடர்களைப் பார்த்த சிலர், குடித்துவிட்டுப் பேசுகிறார்கள் என்று கேலி செய்தார்கள். மணி காலை ஒன்பதுதான் ஆகிறது என்று பேதுரு எழுந்து விளக்க வேண்டியிருந்தது. உங்கள் தெருவில் உங்களைப் பற்றி ஒருவருக்கும் அப்படிச் சந்தேகம் வரவில்லையா? வாழ்த்துகள், தப்பித்துவிட்டீர்கள்.