பிரேக் நடுக்க நிர்ணயம்

குளிரால் வரும் நடுக்கம், பயத்தால் வரும் நடுக்கம், முதுமையால் வரும் நடுக்கம் ஆகிய மூன்றையும் வைத்தியர்களும் கவிகளும் விஸ்தாரமாகப் பேசியிருக்கிறார்கள். ஆயினும், சாதுவாக ஓடிக்கொண்டிருந்த கார், பிரேக்கை மிதித்த மாத்திரத்தில் ஸ்டியரிங் முதல் ஆசனம் வரை உதறிப் பின்சீட்டில் உறங்கும் பெரியவர்களை எழுப்பிவிடும் நான்காவது நடுக்கத்தைப் பற்றிப் பூர்வாசாரியர் எவரும் வாய் திறவாமையால், அக்குறையை நிவர்த்திக்கவே இவ்வாராய்ச்சி எழுந்தது.

முதற்கண் லட்சணம். பிரேக்கைத் தொடாதபோதே 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஆடும் வண்டி நம் விசாரணைக்கு உரியதன்று. அதை வீல் பேலன்சிங் செய்வோரிடம் ஒப்புவித்துவிடலாம். ஈரச் சாலையில் திடீரென அழுத்துகையில் பெடல் படபடவென்று துடிப்பதும் ஏபிஎஸ் தன் கடமையைச் செய்வதேயன்றி வியாதியாகாது. மிதித்தால் மட்டும் தோன்றி, வேகம் குறையக் குறையத் தானும் நிதானப்பட்டு, வண்டி நிற்கும் தறுவாயில் ஒவ்வோர் உதறலையும் விரல்விட்டு எண்ணலாம் என்னும்படி தளர்வதே உத்தம நடுக்கம். அது சக்கரத்தின் சுழற்சியோடு பிறப்பது என்பதற்கு இதுவே பிரமாணம். ஸ்டியரிங் ஆடினால் குற்றம் பெரும்பாலும் முன்சக்கரத்து டிஸ்க்கிலும், ஸ்டியரிங் அமைதியாயிருக்க ஆசனம் மட்டும் அதிர்ந்தால் வட்டம் கெட்ட பின்சக்கரத்து டிரம்மிலும் இருக்கக் காணலாம்.

காரணத்தைப் பற்றி மூன்று மதங்கள் உள. “டிஸ்க் வளைஞ்சுபோச்சு சார், மாத்திடலாம்” என்போர் வளைவு வாதிகள். பட்டறைகளில் இவர்களே பெரும்பான்மையோர். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டயர் என ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி மாற்றிக்கொண்டே போய், எதை மாற்றியபோது நடுக்கம் நின்றதோ அதுவே காரணம் எனக் கொள்வோர் சர்வ பரிவர்த்தன வாதிகள். தேய்ந்த புஷ் நடுக்கத்தைப் பெருக்கிக் காட்டும் என்னும் அளவில் இவர்கள் கூற்றிலும் உண்மையுண்டு. “ஓட்ட ஓட்டச் சரியாயிடும்” என்பது வண்டிக்குச் சொந்தக்காரர்களின் மதம். அதற்குப் பிரமாணம் அவர்களுடைய பணப்பையே.

இனிச் சித்தாந்தம். 1902-இல் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியாளர் காப்புரிமை பெற்றும், 1953-இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்குடன் வென்ற பின்னரே நன்மதிப்புப் பெற்ற அந்த இரும்புத் தட்டு, அரை நூற்றாண்டு பொறுமை காத்த குலத்தைச் சேர்ந்ததாகலின், சிறிது சூட்டுக்கெல்லாம் அப்பளம்போல் வளையும் என்று பழிப்பது தகாது. மைக்ரோமீட்டர் கொண்டு தட்டின் கனத்தைச் சுற்றிலும் அளந்தால் உண்மை வெளிப்படும்: ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் 0.015 மில்லிமீட்டர் அளவிலான பேதமே, தடித்த பகுதி வரும்போதெல்லாம் பேடுகளைப் பின்தள்ளிப் பெடல் வரைக்கும் உதறலைச் சேர்த்துவிடப் போதும்.

இப்பேதம் விளையும் வழி இரண்டு. புதுத் தட்டைப் பொருத்துவோர் ஹப்பின் முகத்துத் துருவைச் சுரண்டாது விட்டாலும், வீல் நட்டுகளை எதிரெதிராக முடுக்காமல் வரிசையாக ஓங்கி இறுக்கினாலும், தட்டு கடுகளவினும் குறைவாகச் சாய்ந்து, லேத் பட்டறையார் ‘அவுட்’ என்னும் பக்கவாட்டு ஆட்டம் பெறுகிறது. அன்றே வண்டி நடுங்குவதில்லை. பிரேக் மிதிக்காத நேரங்களிலும் ஒரே இடம் பேடில் உரசி உரசித் தேய்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு, செய்தவரும் மறந்து செய்வித்தவரும் மறந்த ஒரு நன்னாளில் நடுக்கமாக முளைக்கிறது. மற்றது சூட்டால் வருவது. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கையில் பிறக்கும் வெப்பம், முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறையப் போதுமானது. அவ்வாறிருக்க, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கியரின் துணையின்றிப் பிரேக்காலேயே இறங்கி, அடிவாரத்துத் தேநீர்க் கடையில் பெடலை அழுத்தியபடியே நிற்போரின் தட்டில், பேடின் பொருள் உருகி ஒட்டிக்கொள்வதில் வியப்பென்ன?

சிகிச்சை சுருக்கமானது. ஹப்பைத் துடைத்துத் தட்டைப் பொருத்தி, டயல் கேஜ் வைத்துச் சுழற்றி, ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் அடங்குகிறதா என்று காண்க. குறைந்தபட்சக் கனம் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், அதற்குக் கீழே போகாதவரை லேத்தில் கடைந்துகொள்ளலாம், போகுமாயின் ஒரே அச்சின் இரு புறத்துக்கும் புதிது போடுக. காலிப்பர் பின்கள் இறுகியிருந்தால் சுத்தம் செய்து கிரீஸ் இடுக. புதுப் பேடு போட்டபின் முதற்சில தடவை மிதமாக மிதித்து வேகம் குறைத்து, முற்றும் நிறுத்தாமல் ஆற விடுக. நட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்குக. பத்து நிமிஷத்தில் முடியும் துரு சுரண்டலைச் சோம்பி விட்டவர், சில ஆயிரம் ரூபாய்த் தட்டை மீண்டும் வாங்குவதே இந்நோயின் சரித்திரம்.

நூற்பயன் கூறாது முடித்தல் மரபன்று. இதனைக் கற்றோர், “டிஸ்க் வளைஞ்சுபோச்சு” என்ற தீர்ப்பைக் கேட்டவுடன், “அளந்து பார்த்தீங்களா?” என்று வினவும் தைரியம் பெறுவர், அதுகேட்ட மெக்கானிக் ஒரு கணம் அவரை மரியாதையுடன் நோக்கி, டயல் கேஜைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, அளப்பதற்கும் ஒரு கூலியைக் கணக்கில் சேர்ப்பார்.