ரோமுக்கு ரோடு போட்ட தம்பிகள்

கி.மு. 55-இல் ஜூலியஸ் சீசர் ரைன் நதிக்குக் குறுக்கே பத்தே நாளில் பாலம் கட்டினார். அக்கரைக்குப் போய்ப் பதினெட்டு நாள் ஊரை மிரட்டிவிட்டு, திரும்பி வந்ததும் பாலத்தை இடித்துப்போட்டார். மேம்பாலத் தூண்களின் நிழலிலேயே மூப்படையும் பெங்களூர்க்காரனுக்கு இதைக் கேட்டால் அழுகை வரும். சாதனையைச் சீசரே எழுதியும் வைத்தார். தண்ணீரில் நின்று மரம் அறைந்தவன் பெயரை எழுத மட்டும் அவருக்கு நேரமில்லை. சினிமாவில் வாளோடு வரும் ரோமப் படையின் லீஜன்காரன் நிஜத்தில் பாதி நாள் கொத்தனார், மீதி நாள் சித்தாள். எதிரி மண்ணில் எங்கே ராத்தங்கினாலும் அகழி வெட்டி, மண்சுவர் எழுப்பிய பிறகுதான் படுக்கை.

அந்த ரோமின் வெள்ளிக்காசு நம்ம பெங்களூர் எச்.ஏ.எல். பக்கம் மண்ணுக்குள் கிடந்து 1965-இல் வெளியே வந்தது. முல்லைப்பாட்டிலோ, தமிழ் மன்னனின் பாசறையில் யவனர்கள் சட்டையும் சவுக்குமாகக் காவல் நிற்கிறார்கள். யவனர் கிரேக்கரா, ரோமரா என்று புலவர்கள் அடித்துக்கொள்ளட்டும். அந்தப் பக்கத்து ஆள் இங்கே வந்து வாட்ச்மேன் வேலை பார்த்த வகையில் நமக்கு ஒரு மொய் பாக்கி. அதைத் திருப்பிச் செய்ய 1944 வரை ஆயிற்று.

செய்தவர்கள் மெட்ராஸ் சேப்பர்கள்; ராணுவத்துக்குப் பாலமும் பாதையும் போடுகிறவர்கள். 1780-இல் பயனியர்களாகத் தொடங்கிய படை. அல்சூர் ஏரிக்கரையில் முகாம். கூப்பிடு தூரத்தில் மர்பி டவுன். ராணுவம் முழுக்க இவர்களுக்கு ஒரே பெயர்: தம்பி. மர்பி டவுனிலிருந்து அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். பெரியவனுக்கு முதல் நாளே மானம் போயிருக்கும்.

"தொரை, நான் அண்ணன். இவன்தான் தம்பி."

"சரி தம்பி, மண்வெட்டியை எடு."

சின்னவனுக்கு ஒரே குஷி. "இன்னாண்ணே, பட்டாளத்துல நாம ரெண்டு பேரும் ஒண்ணு!"

இரண்டாம் உலகப் போர். கப்பல் ஏறி இத்தாலியில் இறங்கினால், ரோமுக்குப் போகும் பழைய வழியில் காசினோ மலை. உச்சியில் மடம், சுற்றிலும் ஜெர்மானியர். பிப்ரவரி 15-ஆம் தேதி மடத்தைக் குண்டுபோட்டு நொறுக்கினார்கள். இடிபாடு ஜெர்மானியருக்கு இன்னும் நல்ல மறைவிடமானது. தளபதிகளின் மூளைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆடு ஏறும் பாதையை டாங்கி ஏறும் சாலையாக்கும் வேலை வழக்கம்போல் மண்வெட்டிக்காரர்கள் தலையில் விழுந்தது. நாலாவது இந்திய டிவிஷனின் சேப்பர்களும் நியூசிலாந்துக்காரர்களும் பாறையை உடைத்துப் பாதையை அகலப்படுத்தினார்கள். சாலைக்குக் கிடைத்த பெயர் கேவண்டிஷ் ரோடு. முனியப்பன் ரோடு என்று வைத்தால் டாங்கி ஏறாதா? மார்ச் 19-இல் டாங்கிகள் ஏறத்தான் ஏறின; துணைக்குக் காலாட்படை போகவில்லை, தாக்குதல் படுத்துவிட்டது. ரோட்டின் மேல் ஒரு புகாரும் இல்லை.

ஒரு பெயர் மட்டும் ஏட்டில் ஏறியது. மெட்ராஸ் சேப்பர்களில் ஒருவரான காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன். பிப்ரவரி 24, மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் வேலை. கூட வந்தவன் காலில் ஒன்று மாட்டிக்கொண்டது. வெடிக்க நொடிகளே இருக்க, சுபேதார் அதன்மேல் விழுந்து தன் உடம்பால் மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். இறந்த பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வீர விருது வந்தது. இந்த இடத்தில் கிண்டலுக்கு வேலையில்லை.

நம் சகோதரர்கள் ஊர் திரும்பியதும் மர்பி டவுன் டீக்கடையில் கூட்டம். "ரோமைப் பாத்தியா? ராஜா அரண்மனை எப்படி?"

"ரோமை எங்கடா பாத்தோம்? போற வழியில பள்ளம் மூடினோம். நாங்க மூடி முடிக்க, வேற எவனோ அதுமேல ஓட்டிக்கினு போயி ரோமைப் பிடிச்சிட்டான்."

"அண்ணே, கதை விடாதே!"

"அட, இன்னொரு தரம் அண்ணேன்னு சொல்லுடா. காது குளிரக் கேட்டு வருஷக்கணக்காச்சு."