சுரைக்காய் சார்

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் எந்தத் தெருவில் குடியேறினாலும் சுரைக்காய் சார் ஒருவர் இருப்பார். பேங்கிலோ ரயில்வேயிலோ மின்வாரியத்திலோ காலமெல்லாம் கையெழுத்துப் போட்டு ஓய்ந்தவர். ரிட்டையரான முதல் மாதம் வாக்கிங் போவார். இரண்டாம் மாதம் பென்ஷன் ஆபீசோடு சண்டை. மூன்றாம் மாதம் மொட்டைமாடி ஏறினால் ஏறியதுதான். அதன்பின் அவரைத் தரையில் பார்க்க வேண்டுமென்றால், காய் கொடுக்க வரும்போது பார்த்தால் உண்டு.

இவருக்கு விதை போட்டது அரசாங்கம். 2013-14 இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டப் பொருள்கள் கொடுக்க ஆரம்பித்தது. பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதைப் பொட்டலங்கள். கட்டியைத் தண்ணீரில் போட்டால் உப்பும். சாரின் ஆசையும் கூடவே உப்பியது. கீரையில் ஆரம்பித்தவர் தக்காளிக்கு வந்து, ஓர் ஆடிப்பட்டத்தில் சுரை விதை ஊன்றினார். பிவிசி பைப்பில் கால் நட்டு, நைலான் வலை கட்டி, பந்தல் எழுந்தது. துணி காய்ந்த கொடி போய்க் காய் காய்க்கிற கொடி வந்தது. மாமி இன்றுவரை துணியை ஹாலில்தான் உலர்த்துகிறார்.

ஏட்டுச்சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சாருடையது யூடியூப் சுரைக்காய், தாராளமாக உதவுகிறது. அதுதான் எங்கள் பிரச்சினையே. தாய்க்கொடி ஆளுயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டுமாம். பக்கக்கொடி ஓடும், அதையும் கிள்ள வேண்டும். அப்புறம் வருகிற மூன்றாம் தலைமுறைக் கொடியில்தான் பெண் பூ அதிகம். இதற்குப் பெயர் 3ஜி கட்டிங். ஊரெல்லாம் 5ஜி வந்துவிட்டது, சார் மட்டும் 3ஜியை விடமாட்டேன் என்கிறார். மீன் அமிலம், பஞ்சகவ்யம், தேமோர்க் கரைசல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கேன், ஒவ்வொரு கேனுக்கும் ஒரு வாசனை. கேன் திறந்த நாளை லிஃப்டுக்குள்ளேயே கண்டுபிடித்துவிடலாம்.

சுரை பூக்கிற நேரம் சாயங்காலம். பூவைத் தேடி இருட்டில் அந்துப்பூச்சி வரவேண்டும். வந்தால் சந்தோஷம், வராவிட்டால் சார் இருக்கிறார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் பதமாகத் தடவுவார். மீனம்பாக்கம் விமானங்கள் தாழப் பறக்கிற ஊர் இது. ஜன்னலோரப் பயணி யாராவது கீழே பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

பிஞ்சோடு வருவது பெண் பூ, வெறும் காம்போடு நிற்பது ஆண் பூ. இந்தக் கணக்கைச் சார் மாடிப்படியில்தான் போடுவார், உரத்த குரலில். "நாலு பொண்ணு ரெடியா இருக்கு சார். பையன்தான் ஒண்ணுகூட அமையல. உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல இருந்தா சொல்லுங்க." இதைக் கேட்டு, இரண்டாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் தன் தம்பியின் ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பூத்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். நகம் வைத்தால் இறங்கவேண்டும், அதுதான் பதம். முற்ற விட்டால் கொடி தன் வேலை முடிந்தது என்று மேற்கொண்டு காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே பறித்தே தீரவேண்டும். பறித்ததை என்ன செய்வது? வீட்டில் இருப்பது இரண்டு பேர். மாமிக்குச் சுரைக்காய் சேராது, சாருக்குச் சளி பிடிக்கும். கர்ணன் எதற்காகக் கொடுத்தானோ தெரியாது, எங்கள் சாரின் கொடைக்குக் காரணம் இதுதான்.

பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலுக்கு வட திருநள்ளாறு என்று பெயர். சனிக்கிழமைதோறும் சனி பகவானைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். எங்கள் குடியிருப்புக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விசேஷம். காலை காபிக்கு முன்னாலேயே காலிங் பெல் அடிக்கும். வாசலில் சார். இடுப்பில் குழந்தை மாதிரி ஒரு சுரைக்காய்.

"பூச்சி மருந்தே அடிக்காதது சார். கூட்டு வைங்க, அடை தட்டுங்க, அல்வா கிண்டுங்க. சமைக்கறதுக்கு முன்னாடி ஒரு துண்டு நாக்குல வச்சுப் பாருங்க. கசந்தா தூக்கிப் போட்டுடணும்."

இந்த ஒரு விஷயத்தில் சாரைக் கிண்டல் செய்ய முடியாது. சில காயில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சுக் கசப்பு ஏறிவிடும். கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைத் தொடவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழுவே சொல்லியிருக்கிறது. நாங்களும் ஒவ்வொரு வாரமும் பயபக்தியோடு ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கிறோம், கசக்காதா என்று. ஒருநாளும் கசந்ததில்லை. கைராசி அப்படி.

நியூஜெர்சியில் இருக்கும் சாரின் பையன் ஒருமுறை போனில் சொன்னானாம்: அங்கே சுக்கினி என்று நம் சுரைக்கு ஒன்றுவிட்ட உறவு ஒன்று இருக்கிறது, கோடையில் காய்த்துத் தள்ளும். தாங்கமுடியாமல், ஆகஸ்ட் 8 ஆம் தேதி அதைப் பக்கத்து வீட்டு வாசலில் ரகசியமாக வைத்துவிட்டு ஓடிவருவதற்கென்றே விளையாட்டாக ஒரு தினம் வைத்திருக்கிறார்கள். சாருக்குச் சிரிப்பு வரவில்லை. "எதுக்குப்பா ஒளிஞ்சு வைக்கணும்? பெல் அடிச்சே கொடுக்கலாமே."

போன மழைக்கு மூன்றாவது மாடிக் கூரை ஒழுகியது. அசோசியேஷன் கூட்டம் கூடியது. பைகளின் ஈரம்தான் தளத்துக்குள் இறங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். செயலாளர் "மொட்டைமாடி விஷயமா யாராவது பேசணும்னா பேசலாம்" என்றார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை வீட்டு ஃப்ரிட்ஜிலும் அந்த நேரம் பாதிச் சுரைக்காய் இருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் வேறு பொருள்களை வாங்கிப் பழகிய ஊருக்கு இது புதிதும் இல்லை. கடைசியில் சாரே எழுந்தார். வாட்டர்புரூஃப் வேலை முடிகிறவரைக்கும் பைகளைக் கீழே இறக்கிக்கொள்வதாகவும், வீட்டுக்கு இரண்டாகப் பால்கனியில் வைத்துக்கொண்டால் போதும் என்றும் பெருந்தன்மையாக அறிவித்தார். கைதட்டினோம். ஏன் தட்டினோம் என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தோம்.

எங்கள் பங்குக்கு வந்தது ஒரு பீர்க்கன், ஒரு புடலை. தினமும் சாயங்காலம் சார் விசாரிக்க வருகிறார். நேற்று ஊரிலிருந்து என் மாமனார் மாமியார் வந்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. சார் உள்ளே எட்டிப் பார்த்து, டார்ச்சைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டார்:

"என்ன சார், பொண்ணு வந்துட்டாளா? நான் இங்க மாடிப்படியிலயே வெயிட் பண்றேன்."