பொது வித்தியாசம்

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருப்பார். லிஃப்ட் பழுதானால் மற்றவர்கள் செயலாளரைத் திட்டுவார்கள். இவர் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவார். "முதல் உறுப்பு 18, பொது வித்தியாசம் 'டி'யும் 18" என்று மூன்றாம் மாடியில் மூச்சிரைக்க அறிவிப்பார்.

பத்தாம் வகுப்புக்குக் கூட்டுத் தொடர்வரிசை நடத்தியே தலை நரைத்தவர். திரையரங்கின் முன்வரிசையில் 20 இருக்கை, வரிசைக்கு இரண்டு கூடும், மொத்தம் 30 வரிசை, கடைசி வரிசையில் எத்தனை? எத்தனை பிள்ளைகளை இந்தக் கணக்கால் வதைத்திருப்பார்! விடை 78. இன்றும் சினிமாவுக்குப் போனால் திரையைப் பார்ப்பதைவிடத் திரும்பித் திரும்பிப் பின்வரிசையை எண்ணுவதுதான் அதிகம். அங்கே ஒதுங்கியிருக்கும் காதலர்கள் கலவரப்பட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

வங்கியிலும் அவருக்கு அந்த 78 அகப்படும். மாதம் 500 ரூபாய் வீதம் ஒரு வருட ஆர்.டி. முதல் தவணை 12 மாதம் வட்டி ஈட்டும், அடுத்தது 11, கடைசித் தவணை ஒரே மாதம். 12இலிருந்து 1 வரை கூட்டினால் 78. ஆக, 500 ரூபாய்க்கு 78 மாத வட்டி.

"கம்ப்யூட்டரே போட்டுடும் சார்" என்பார் கவுண்ட்டரில் இருக்கும் பெண்.

"கம்ப்யூட்டர் நேத்து வந்ததும்மா. ஆரியபட்டர் 499லேயே இந்தக் கூட்டலுக்கு வழி சொல்லிட்டார்."

இவர் போடுவது தனிவட்டி. வங்கி போடுவதோ காலாண்டுக் கூட்டுவட்டி. முதிர்வன்று சில ரூபாய் கூடுதலாக வரும். அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று மேலாளரிடம் சண்டைக்குப் போகும் வாடிக்கையாளர், எனக்குத் தெரிந்து, இவர் ஒருவர்தான்.

ஆட்டோ நிறுத்தத்தில்தான் அவர் முழு உருவம் எடுப்பார். 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணம் அவருக்கு வேதவாக்கு: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அதாவது 25, 37, 49... அவர் போகவேண்டிய 10.8 கிலோமீட்டருக்குப் பத்தாவது உறுப்பு, 133 ரூபாய்.

"இருநூத்தம்பது ஆவும் சார்."

"அது எப்படிப்பா? 'டி' எவ்வளவுன்னு சொல்லு முதல்ல!"

ஓட்டுநர் எதிரேயிருந்த கடையை எட்டிப் பார்த்தார்.

"பன்னெண்டு ரூவா சார். சக்கரை கம்மியா சொல்லட்டா?"

"கரெக்ட்! பன்னெண்டேதான்!" பூரித்துப்போய் ஏறி உட்கார்ந்தார் வாத்தியார். வழியெல்லாம் ஓட்டுநரின் கணக்கறிவைப் பாராட்டிக்கொண்டே போய், இறங்கியதும் 250 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.