கரகரப்ரியாவும் வாசல் கதவும்

அப்போதெல்லாம் சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டில் யாரும் இருமக்கூடாது. ஆகாசவாணியின் தேசிய இசை நிகழ்ச்சி. சில வாரம் சிதாரோ ஷெனாயோ வந்து ஏமாற்றிவிடும். நம் பக்கத்துப் பாட்டு என்றால், ரேடியோவை ஒட்டி டேப்ரெக்கார்டரை வைத்து, பிளேயையும் சிவப்பு பட்டனையும் சேர்த்து அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். ஒரு நாள் செம்மங்குடியின் கரகரப்ரியா. ஆலாபனை தாரஸ்தாயியைத் தொட்டபோது பின்கட்டிலிருந்து அம்மா, "வாசக்கதவைத் தாழ் போட்டியாடா?" என்றாள். அதுவும் பதிவாகிவிட்டது. கேசட் தேயும்வரை அப்படியேதான் கேட்டேன்.

அந்த வயதில் சங்கீதம் என்றால் எனக்கு ராகம் கண்டுபிடிப்பதுதான். கச்சேரியில் கரகரப்ரியா மாதிரி ஏதோ தொடங்கினால், ஸ்ரீரஞ்சனியாகவும் இருக்கலாமே என்று பஞ்சமம் வரும்வரை போலீஸ்காரன் மாதிரி காத்திருப்பேன். வந்ததும் கேஸ் முடிந்தது. மீதி ஆலாபனை முழுக்க, பக்கத்து சீட் மாமாவிடம் அதை எப்படிச் சொல்வது என்ற கவலைதான். தர்பாரா, நாயகியா என்று வந்துவிட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டேன். அதற்குப் பெரியவர்களே சபா வாசலில் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

இப்போது போனில் பாட்டுக்குக் கீழேயே ராகம், தாளம், இயற்றியவர் எல்லாம் போட்டிருக்கிறது. 72 மேளமும் சட்டைப்பையில். எதைக் கேட்பது என்று தள்ளித் தள்ளிப் பார்த்து முடிப்பதற்குள் ஒரு வர்ணத்தைப் பாடியே முடித்துவிடலாம். கேட்க உட்கார்ந்தாலோ, கீழே ஒரு கோடு ஓடுகிறது. பாடகர் அடுத்து எங்கே போவார் என்று தெரியாவிட்டாலும், எப்போது நிறுத்துவார் என்று தெரிந்துவிடுகிறது. தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களை அன்று முறைத்திருக்கிறேன். இன்று தனியை விரலாலேயே தாண்டிவிடுகிறேன். ரவா தோசைகூட மிஞ்சுவதில்லை.

போன மார்கழியில் அக்கா பையன் அதே கரகரப்ரியாவைத் தேடிப்பிடித்து அனுப்பினான். கொஞ்சமும் இரைச்சல் இல்லாத பதிவு. அம்மா பேசிய இடத்தில் வயலின்காரர் அருமையாக ஒரு பிடி வாசித்திருக்கிறார்; இத்தனை வருஷம் அது என் காதில் விழவே இல்லை. இப்போது நன்றாகவே விழுகிறது. ஆனாலும் அந்த இடம் வந்தால் எழுந்துபோய் வாசல் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.