படகுப் பங்கும் பங்காளியும்

கேள்வி: தம்பியோடு சேர்ந்து வாங்கிய விசைப்படகில் பங்குத் தகராறு. கோர்ட்டுக்குப் போவதா, ஊர்ப் பெரியவரிடம் போவதா? - ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: கோர்ட் தீர்ப்பு வருவதற்குள் படகு உளுத்துவிடும், விறகைத்தான் பங்கு போடுவீர்கள். பெரியவருக்கும் படகு ஆசை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1530களில் முத்துச் சலாபத் தகராறில் பரதவர்கள் போர்ச்சுகீசியரைத் துணைக்கு அழைத்தார்கள். கடைசியில் சலாபமே அவர்கள் பிடிக்குள் போனது.

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். வழக்கே போடாத தகராறையும் மக்கள் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், கட்டணம் கிடையாது. இருவரும் ஒப்புக்கொண்டு முடித்தால், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம். அப்பீலும் கிடையாது, ஆகவே கையெழுத்துப் போடுமுன் வலை, இன்ஜின், டீசல் பாக்கி எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள்.

ஒரே சிக்கல், தம்பியும் சம்மதிக்க வேண்டும். அதற்கு வக்கீலை அல்ல, அம்மாவை அனுப்புங்கள்.