தேதித் தாளோடு போன பாஸ்வேர்டு

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் தேதி கிழிக்கும் உரிமை என் மனைவிக்கு மட்டும்தான். விடிந்ததும் ராகு காலம், ராசிபலன் எல்லாம் படித்துவிட்டு சர்ரென்று ஒரு கிழி. இருபது வருடமாகப் பார்க்கிறேன். பார்த்தும், அந்தத் தாளின் ஓரத்தில்தான் வங்கிக் கணக்கின் புது பாஸ்வேர்டை எழுதி வைத்தேன்.

அதுவரை எனக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்றுதான்: முருகன்@123. கரண்ட் பில், ரயில் டிக்கெட், கேஸ் புக்கிங் அனைத்தையும் அவனே காத்து நின்றான். எங்காவது ஓரிடத்தில் அது களவு போனால், திருடன் அதே சாவியை எல்லாக் கதவிலும் போட்டுப் பார்ப்பான் என்று மகன் தலைபாடாக அடித்துக்கொண்டான். முருகன் இருக்கப் பயமேன் என்றிருந்துவிட்டேன்.

வங்கித் தளம் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி மல்லுக்கு நிற்கும். முருகன்@124 போட்டேன், பழையது போலவே இருக்கிறதாம். வேலன் என்றேன், எழுத்து போதாதாம். கடுப்பில் கீபோர்டில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் தட்டினேன். இரண்டு டாலர், ஒரு நட்சத்திரம், கூரை மாதிரி ஒரு ^. உடனே பச்சைக் கோடு காட்டி, வலிமையானது என்று பாராட்டியது. மறப்பதற்குள் எதிரே தொங்கிய தாளில் எழுதினேன்.

மறுநாள் காலண்டரில் மறுநாள்தான் இருந்தது.

"எதிர் வீட்டுப் பாட்டி, பேரனுக்குக் காய்ச்சல்னு வந்தாங்க. பழனி விபூதி கொஞ்சம் மடிச்சுக் கொடுத்தேங்க" என்றாள். எதில் மடித்தாய் என்று கேட்கவில்லை. வாங்கி வரப் போனால், பொட்டலம் பையனின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. "உள்ள மந்திரம்கூட எழுதியிருக்கு தம்பி" என்று பாட்டி கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேசாமல் திரும்பிவிட்டேன்.

மறந்தவர்களுக்கு என்று வங்கி ஒரு கேள்வி வைத்திருந்தது: தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர். அம்மா கல்யாணத்துக்கு முன்பும் கமலா, பின்பும் கமலா. மாறியது இனிஷியல்தான். 'ரா' என்று அடித்தேன். குறைந்தது நான்கு எழுத்து வேண்டுமாம். தாத்தாவைத் தோண்டி எடுத்து முழுசாக எழுதியும் பயனில்லை. கணக்கு தொடங்கிய நாளில் என்ன எழுதித் தொலைத்தேனோ! கடைசியில் பாஸ்புக்கோடு கிளைக்கே போய் வரிசையில் நின்றேன்.

இந்தக் குறியீட்டுக் கொடுமைக்கு ஒரு மூல புருஷர் உண்டு. பில் பர் என்ற அமெரிக்கர், அந்நாட்டின் தர நிர்ணய நிறுவனத்துக்காக 2003-இல் எழுதிய வழிகாட்டியில்தான் பெரிய எழுத்து, எண், குறியீடு, அடிக்கடி மாற்றுவது எல்லாம் வேரூன்றியது. ஓய்வு பெற்றபின் 2017-இல், எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகப் பத்திரிகையிடம் சொன்னார். மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டுகிறார்களாம். என்னை எங்கே பார்த்தாரோ! அதே ஆண்டில் அந்த நிறுவனமும் விதியைத் திருப்பிப் போட்டது: கசிந்ததாகத் தெரிந்தால் ஒழிய மாற்றச் சொல்லாதே, கோணல்மாணல் வேண்டாம், நீளமாக இருக்கட்டும். சேதி என் வங்கிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நான் கட்சி மாறிவிட்டேன். ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் நீளமாக அடிக்கிறேன். இடத்துக்கு இடம் வேறு. வங்கியின் திருப்திக்காகக் கடைசியில் அந்தக் கூரை. எல்லாம் ஒரு நோட்டில், பீரோவுக்குள். திருடன் வெளிநாட்டில் உட்கார்ந்து என் பீரோவைத் திறக்க முடியாது.

பையனுக்கு இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. போன வாரம் பாட்டி மறுபடி வந்தார். "மருமகளுக்கு ஒத்தைத் தலைவலி. அதே மாதிரி ஒண்ணு எழுதிக் கொடு தம்பி." டாலர், நட்சத்திரம், ஆச்சரியக்குறி என்று கீபோர்டில் இருந்ததையெல்லாம் வரிசையாகப் போட்டுக் கொடுத்தேன். பரவாயில்லையாம்.